கொக்கின் சிறகு விழுந்த பிறகு: தானே கற்ற சிற்பி ஒருவரின் கான்கிரீட் தோட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அவர் கனரக வாகன ஓட்டுநராக இருந்தவர். சிற்பக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. கொத்தனாரிடம் சிற்றாளாகக்கூட நின்றதில்லை. 49-ஆம் வயதில், வீட்டைப் பழுதுபார்த்த பிறகு அரை மூட்டை சிமென்ட் மிஞ்சியது. கட்டிப்போய் வீணாகிவிடுமே என்று ஓர் ஆமை செய்தார். ஆமைக்குப் பக்கத்தில் ஒரு நரி, நரிக்கு எதிரே ஒரு மனிதன் என்று அது வளர்ந்தது. நான் அங்கு போனபோது அவருக்கு வயது 71. வீட்டையொட்டிய ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தில் 96 உருவங்கள் நின்றன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முதல் தொலைவிலிருந்து வருபவர்கள் வரை யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். கதவுக்குப் பூட்டே இல்லை.

அவருடைய வேலையில் மூன்று காலங்கள் உண்டு. முதல் 14 உருவங்களுக்கு உள்ளே மரக்கம்பம். அதன்மேல் கம்பி சுற்றி, காறை பூசியிருந்தார். அடுத்து, பழைய கம்பிகளை வளைத்துக் கூடு கட்டி, கோழிவலை போர்த்தி, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையை அப்பினார். பொறியாளர்கள் இதை ஃபெர்ரோசிமென்ட் என்பார்கள். அவருக்கு அந்தச் சொல் தெரியாது. மூன்றாம் காலத்தில் உடைந்த ஓடும் கண்ணாடியும் சேர்ந்தன. சில உருவங்களில் கண்ணாடியைச் சிறு சில்லுகளாக நொறுக்கிக் கலவையிலேயே போட்டிருந்தார், வெயிலில் மின்னும் என்பதற்காக.

தானே கற்றவர் என்றதும் உதட்டைப் பிதுக்குகிற பொறியாளர்கள் உண்டு. கம்பியும் சிமென்ட்டும் சேர்ந்த கட்டுமானத்துக்கு 1867-இல் காப்புரிமை பெற்ற ஜோசப் மோனியே ஒரு தோட்டக்காரர். அவர் செய்தவை பூந்தொட்டிகள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவது என் வழக்கம். எங்கள் கான்கிரீட் தொழில் பிறந்ததே ஒரு தோட்டத்தில்தான்.

என்ன நடந்தது

ஒரு காலை, காற்றே இல்லாத நேரத்தில், நின்றிருந்த கொக்கின் வலது சிறகு முறிந்து விழுந்தது. எடை போட்டுப் பார்த்தபோது 18 கிலோ. ஒரு மணி நேரத்துக்கு முன் அதே இடத்தில் ஒரு குழந்தையை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். யாருக்கும் காயமில்லை. அன்றே மகள் வாசலில் கயிறு கட்டி ஆட்களை நிறுத்திவிட்டார். உறவினர் ஒருவர் எல்லாவற்றையும் இடித்துவிடுவதே நல்லது என்றார். சிற்பி ஒன்றும் சொல்லவில்லை. விழுந்த சிறகைக் கழுவி, நிழலில் சாக்கின்மேல் கிடத்தியிருந்தார்.

பழைய கான்கிரீட் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். மகள் என்னை அழைத்தபோது கேட்டது ஒன்றுதான்: இடிக்க வேண்டுமா, வேண்டாமா? அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சொல் பதில். அதைச் சொல்ல எனக்கு 14 மாதங்கள் ஆயின.

கண்டவை

முதல் மூன்று நாள்கள் பார்வையிடுவதிலேயே போயின. ஒவ்வொரு உருவத்துக்கும் எண் கொடுத்தேன். சிறு சுத்தியலால் தட்டி ஓசை கேட்டேன்; நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விட்டுப்போன இடம் பொக்கென்று ஒலிக்கும். விரிசல்களின் அகலத்தை அளந்தேன். ஏற்கெனவே உடைந்திருந்த இடங்களில் பினாப்தலீன் கரைசல் தெளித்துப் பார்த்தேன்.

கடைசியாகச் சொன்ன சோதனைக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளிருக்கும் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய காப்புப்படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் கொல்கிறது. காரம் உயிரோடிருக்கும் இடத்தில் பினாப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும். செத்த இடத்தில் நிறமே வராது. நிறமில்லாத பகுதி கம்பியை எட்டிவிட்டால், பிறகு ஈரம் பட்டாலே துருதான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் மேலே உள்ள காறை வெடித்துப் பொருக்காக உதிரும்.

கொக்கின் தோள்பட்டையில் கம்பிக்கு மேல் இருந்த காறை 8 மில்லிமீட்டர்தான். நிறமில்லாத ஆழமோ 15 மில்லிமீட்டர். இது போதாதென்று, சிறகும் உடலும் சேரும் இடம் தட்டு போலக் குழிந்திருந்தது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தண்ணீர் அங்கேயே தேங்கியிருக்கிறது. பேனாவை விடச் சற்றுத் தடித்த கம்பி அங்கே ஊசி போல மெலிந்துபோயிருந்தது. சிறகு விழுந்தது வியப்பில்லை; இத்தனை நாள் நின்றதுதான் வியப்பு.

மரக்கம்பம் வைத்த உருவங்களில் மரம் பெரும்பாலும் மக்கிவிட்டது. ஆமைக்கு அதனால் பாதகமில்லை; கவிழ்த்த கிண்ணம் போன்ற அதன் ஓடு தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறது. ஆனால் கைகளை விரித்து நின்ற மனிதனை மெல்லத் தள்ளினாலே அடியில் அசைந்தான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிரெட் ஸ்மித் என்ற மரம்வெட்டும் தொழிலாளி 1948-இல் தொடங்கி 200-க்கும் மேற்பட்ட கான்கிரீட் உருவங்களைச் செய்தார். அவற்றுக்கும் உள்ளே மரச்சட்டங்களே. அவர் இறந்த மறு ஆண்டு, 1977-இல், அடித்த ஒரே பெருங்காற்றில் அவற்றுள் பெரும்பகுதி சேதமடைந்தது. இந்த 14 உருவங்களையும் பார்த்தபோது அதுதான் என் மனத்தில் ஓடியது.

கண்ணாடிச் சில்லு கலந்த உருவங்களில் வேறொரு நோய். வறண்ட நிலத்தின் வெடிப்பு போல, மேல்பரப்பு முழுவதும் வலைப்பின்னலாக மயிரிழை விரிசல்கள். கண்ணாடியிலுள்ள சிலிக்கா சிமென்ட்டின் காரத்தோடு வினைபுரிந்து களி போன்ற ஒரு பொருளாகிறது. அது ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது. ஒரே கலவையில் செய்த இரண்டு தூண்களில், கூரையோரம் நனையாமல் நின்றது நன்றாக இருந்தது; வாய்க்காலோரம் நின்றது வெடித்திருந்தது.

எண்ணெய் வண்ணம் பூசியவை தோலுரிந்து நின்றன. காறையின் ஈரம் முழுதாகக் காயும் முன் எண்ணெய் வண்ணத்தைப் பூசினால், காரம் அந்த எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். இது புத்தகத்தில் இருக்கும் செய்தி. அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆனால் நான் எழுத விரும்புவது இவற்றைப் பற்றி அல்ல. மூன்றாம் நாள், எண் 41, எண் 42 என்ற இரண்டு குதிரைகள் பக்கத்தில் நின்றேன். ஒரே மணல், ஒரே கம்பி, ஓராண்டு இடைவெளி. ஒன்று தட்டினால் மணி போல் ஒலித்தது. மற்றொன்று நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அதுவரை என் பின்னாலேயே பேசாமல் வந்துகொண்டிருந்தவரிடம் அப்போதுதான் கேட்டேன். அவர் உடனே சொன்னார்: “முதல் குதிரைக்கு 14 நாள் சாக்கு போர்த்தித் தண்ணீர் விட்டேன், ஐயா. அடுத்தது செய்த வருடம் வீட்டில் உடம்பு சரியில்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். தண்ணீர் காட்ட ஆள் இல்லை.”

அந்த ஆண்டு அவர் செய்தவை ஏழு. என் குறிப்பேட்டைப் புரட்டினேன். மோசமானவை என்று நான் குறித்திருந்த காறைகளில் ஆறு அந்த ஏழுக்குள் அடங்கின. மூன்று நாள் சுத்தியலும் கரைசலுமாக நான் தேடியது அவர் நினைவில் வரிசையாக இருந்தது.

பிறகுதான் கலவையைப் பற்றியும் கேட்டேன். ஒரு பிடி அள்ளி இறுக்குவாராம்; கையை விரித்தால் உருண்டை கலையக்கூடாது, உள்ளங்கையில் நீரும் நிற்கக்கூடாது. கூடுதல் தண்ணீர் கலவையை எளிதாகப் பூச உதவும், ஆனால் காய்ந்தபின் நுண்துளைகளை விட்டு வலுவைக் குறைக்கும். கட்டட வேலையிடங்களில் மேற்பார்வையாளர் திரும்பிய நேரத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றும் வழக்கத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! இவர் அந்தத் தவறை 22 ஆண்டுகளில் செய்யவில்லை.

முதல் முடிவும் அதன் தவறும்

பார்வையிட்ட வாரத்திலேயே அவசர வேலைகளை முடித்தோம். ஆளுக்கு மேல் விழக்கூடிய 11 உருவங்களைச் சுற்றிக் கயிறு கட்டினோம்; நான்குக்கு முட்டுக் கொடுத்தோம். இதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

வருத்தம் அடுத்ததில்தான். மழைக்காலம் நெருங்கியதால், கொக்கையும் வேறு நான்கு உருவங்களையும் உடனே பழுதுபார்க்கச் சொன்னேன். பாலங்களுக்குப் பயன்படுத்தும் உயர்வலுப் பழுதுக்கலவையைத் தேர்ந்தெடுத்தேன். உதிர்ந்ததைக் கொத்தி எடுத்து, தெரிந்த அளவு துருவைத் தேய்த்து, அந்தக் கலவையை அடைத்து, முழு உருவத்தின்மேலும் நிறமற்ற பிசின் பூச்சு ஒன்றைத் தடிப்பாகப் பூசினோம். தண்ணீர் உள்ளே போகாது என்பது என் கணக்கு. கலவையைக் கையில் வாங்கிப் பார்த்த சிற்பி, “இது ரொம்பக் கெட்டி. பக்கத்தில் இருப்பது தாங்காது” என்றார். நான் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. ஐந்தில் நான்கில், ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பைச் சுற்றிப் புது விரிசல் ஓடியிருந்தது. வெயிலிலும் குளிரிலும் பழைய காறையும் புதிய கலவையும் ஒரே அளவில் விரிவதோ சுருங்குவதோ இல்லை. கெட்டியானது அசையாமல் நிற்க, மெலிந்தது கிழிந்தது. பூச்சு வெளுத்துக் கொப்பளித்தது. தரையிலிருந்து ஏறிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லாததால், கொப்புளத்தோடு பழைய தோலும் பெயர்ந்து வந்தது. ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி, முன்பு நன்றாக இருந்த கம்பியில் புதிதாகத் துரு பிடித்திருந்தது. பாதிக் கம்பியைப் புதுக் காரத்தில் வைத்து மீதியைச் செத்த காறையில் விட்டால், அரிப்பு எல்லைக்கு அப்பால் இடம் மாறும் என்பது பழுதுபார்ப்பில் தெரிந்த விஷயம். தெரிந்தும் செய்தேன்.

இரண்டாம் முடிவு

இந்த முறை வேலையை நிறுத்தி, உட்கார்ந்து பேசினோம். சிற்பி, மகள், சிற்பிக்கு ஐந்து ஆண்டுகளாக உதவும் ஓர் இளைஞர், நான். 96-ஐயும் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆட்களின் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இல்லை. அதற்குட்பட்டு அவர் விருப்பமே கடைசிச் சொல் என்று வைத்துக்கொண்டோம்.

அவருடைய பதில்கள் நான் எதிர்பார்த்தவை அல்ல. மிகவும் அழகாக இருப்பதாக எல்லோரும் சொல்லும் கைவிரித்த மனிதனை எடுத்துவிடச் சொன்னார். “எனக்கு வேலை தெரியாத காலத்தில் செய்தது” என்றார். ஓடு வெடித்த ஆமையைத் தொடவே கூடாது என்றார். எண்ணெய் வண்ணம் தவறு என்று விளக்கியபோது கேட்டுக்கொண்டார். ஆனாலும் உரித்துவிட்டு வேறு பூசச் சம்மதிக்கவில்லை. உரிந்தால் உரியட்டும், அந்த நீலம் தன் நீலம் என்றார். இதில் எனக்கு உடன்பாடில்லை. பதிவேட்டில் அப்படியே எழுதிவைத்தோம்.

பழுதுமுறையை அடியோடு மாற்றினோம். துருப்பிடித்த கம்பியை முன்புறம் மட்டுமல்லாமல் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குத் திறந்தோம். துரு முழுவதும் போகும்வரை தேய்த்தோம். மெலிந்த இடங்களில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சேர்த்துக் கட்டினோம். அடைக்கும் கலவை அவருடையதே: அதே மணல், அதே ஒன்றுக்கு மூன்று, அதே உள்ளங்கைச் சோதனை. கம்பிக்கு மேல் காறை குறைந்தது 20 மில்லிமீட்டர் வரும்படி, தேவையான இடத்தில் வடிவத்தையே சற்றுத் தடிக்கச் செய்தார். கொக்கின் தோள் அதனால் கொஞ்சம் பருத்துவிட்டது. வயதாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டார். நீர் தேங்கும் குழிவுகளில் சரிவு கொடுத்தோம், முடியாத இடங்களில் சிறு வடிதுளை போட்டோம். ஈரச் சாக்கு போர்த்தி 10 நாள்கள் தண்ணீர் விட்டோம். 28 நாள்கள் கழித்து, வானம் பார்த்த பரப்புகளில் மட்டும், மூச்சுவிடக்கூடிய சிலேன் வகை நீர்விலக்கியைப் பூசினோம். அது படலமாக நிற்காமல் துளைகளுக்குள் இறங்கிவிடும்.

ஒரு சின்னச் சண்டையும் நடந்தது, முகக்கவசம் பற்றி. காறையை அரைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் நோய்க்கு மருந்தில்லை. அவருடைய விரல்நுனிகள் ஈரச் சிமென்ட்டின் காரத்தால் ஏற்கெனவே ரேகை அழிந்து வழவழத்திருந்தன. கையுறைக்கு ஒப்புக்கொண்டார். கவசத்துக்குக் கடைசிவரை ஒப்பவில்லை; தண்ணீர் தெளித்துத் தூசி எழாமல் அரைப்பது என்று முடிந்தது.

உயர்ந்த தூண்

தோட்டத்தின் நடுவில் 6 மீட்டர் உயரத்தில், மரம் போல வடித்த ஒரு தூண். கிளைகள்தோறும் ஏணி ஏறும் சிறுமனிதர்கள். இடிக்கச் சொன்ன உறவினர் முதலில் கைகாட்டியது இதைத்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் சைமன் ரோடியா என்ற தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியாளாக எழுப்பிய வாட்ஸ் கோபுரங்களுக்கும் இதே கதி நேரவிருந்தது. ஆபத்தானவை என்று நகர நிர்வாகம் இடிக்க ஆணையிட்டது. 1959-இல் ஒரு கோபுரத்தின்மேல் 10,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4,500 கிலோ விசை செலுத்திச் சோதித்தார்கள். இழுத்த கருவிதான் வளைந்தது, கோபுரம் நின்றது. இன்றும் நிற்கிறது.

நாங்களும் அந்த வழியில் போனோம், சிறிய அளவில். அடிப்பாகத்தைத் தோண்டி அஸ்திவாரமும் கம்பியும் நன்றாக இருப்பதை உறுதிசெய்த பிறகே இதற்கு ஒப்புக்கொண்டேன். நொடிக்கு 40 மீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 100 கிலோ அழுத்தம் தரும். தூணின் பரப்பையும் வடிவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 350 கிலோ. நடு உயரத்தில் அகலமான பட்டை கட்டி, விசைமானியோடு கயிற்றை இழுத்தோம். தூணின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவுக்குள் யாரையும் விடவில்லை. படிப்படியாக ஏற்றி 350-ஐ எட்டியபோது உச்சி 9 மில்லிமீட்டர் விலகியது. விட்டதும், ஒரு மில்லிமீட்டர் தவிரப் பழைய இடத்துக்கே திரும்பியது. புது விரிசல் இல்லை. சிற்பி அந்த நேரம் முழுவதும் வீட்டுக்குள் இருந்தார், பார்க்க வரவில்லை.

பின்விளைவு

சிறகு விழுந்து 14 மாதங்களுக்குப் பிறகு வாசல் திறந்தது. இரண்டாம் முறையில் பழுதுபார்த்தவை 23. இரண்டு மழைக்காலங்கள் கழித்துப் பார்த்தபோது அவற்றில் இரண்டில் மயிரிழை விரிசல் தெரிந்தது. மற்றவை நன்றாக இருந்தன. நான் முதலில் கெடுத்த நான்கையும் மறுபடி பிரித்துச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு நரியின் முகம் அதில் போய்விட்டது. அவர் புதிதாக முகம் வைக்கவில்லை. கைவிரித்த மனிதனை இறக்கி, தலையை மட்டும் ஆமைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

மகளும் அந்த இளைஞரும் பதிவேடு எழுதுகிறார்கள். ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு பக்கம்: செய்த ஆண்டு, மணல் எங்கிருந்து வந்தது, உள்ளே மரமா கம்பியா, எத்தனை நாள் தண்ணீர், அளவுகோலோடு படம். சண்டிகர் பாறைத் தோட்டத்தை உருவாக்கிய நெக் சந்துக்கு, அது 1976-இல் திறக்கப்பட்டபோது அரசு சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்தது. இங்கே இருப்பது ஓர் ஆள். அவர் உள்ளங்கைச் சோதனையைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பதைப் பதிவேட்டில் எழுதியது சிற்பியே.

மாற்றிச் செய்வேன் என்றால்

முதல் நாளே சுத்தியலை எடுக்க மாட்டேன். செய்தவரோடு ஒரு சுற்று நடந்து, எந்த ஆண்டு, என்ன நிலைமையில், எப்படி என்று கேட்டு எழுதியபிறகே தட்டிப் பார்ப்பேன். அவருடைய நினைவைச் சோதனையால் சரிபார்க்க வேண்டும்தான். ஓரிரு இடங்களில் அவர் ஆண்டு மாற்றிச் சொல்லியிருந்தார். ஆனால் வரிசை அதுவாக இருக்க வேண்டும்.

எந்தக் கலவையையும் ஐந்து உருவங்களில் ஒரே நேரத்தில் போட மாட்டேன். ஒன்றில், அதுவும் பின்பக்கத்தில், ஒரு கை அகலத்துக்குப் போட்டு ஒரு மழைக்காலம் காத்திருப்பேன். அவசரமானவற்றுக்கு முட்டுக் கொடுத்திருந்தோம். அந்தக் காத்திருப்புக்கு நேரம் இருந்தது. மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரம் முழுக்க என்னுடையது.

தடித்த பூச்சை இனி வெளிப்புறச் சிற்பத்தில் தொட மாட்டேன்.

தீராமல் இருப்பது கண்ணாடித் தூண். உள்ளே நடக்கும் வினையை நிறுத்த வழியில்லை. ஈரத்தைக் குறைத்து மெதுவாக்கத்தான் முடியும். மேலே சிறு கூரை போடலாம் என்றேன், “வெயில் படாவிட்டால் கண்ணாடி எதற்கு?” என்று மறுத்துவிட்டார். வாய்க்காலைத் திருப்பி, அடியில் ஜல்லி கொட்டி நீர் வடியச் செய்தோம். பெரிய விரிசலின் அகலம் அப்போது 0.2 மில்லிமீட்டர், கடைசி அளவீட்டில் 0.35. அது 0.5-ஐத் தாண்டினால் தூணை நிற்கவிடாமல் படுக்கவைத்துவிடுவது என்று பேசியிருக்கிறோம். அவர் ஒப்புக்கொண்டார். கிழக்கே பார்த்துக் கிடத்த வேண்டும் என்று மட்டும் பதிவேட்டில் எழுதச் சொன்னார். அடுத்த அளவீடு மழை முடிந்ததும்.